‘தண்ணீர் படாமல் உடனே தடவவும்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான்

கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.
24.11.2025

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தீப்புண்ணுக்கென்று நீங்கள் விற்கும் மூலிகை எண்ணெயின் லேபிள், உள்ளே வைத்திருக்கும் துண்டுத்தாள் பற்றிய புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த செப்டம்பரில் உங்கள் தீப்புண் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கினேன். 50 மில்லி, 349 ரூபாய். பில் நகல், பாட்டிலை நான்கு பக்கமும் எடுத்த படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் வேறு வேறு பிள்ளைகள் எடுத்தார்கள், பதில் மட்டும் ஒன்றுதான்: “உங்க ஸ்கின்னுக்கு செட் ஆகியிருக்காது மேடம்.” அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அக்டோபர் 18, சனிக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி. அம்மா வீட்டில் முந்திரிக்கொத்து போட்டுக்கொண்டிருந்தோம். நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன். பலகாரம் மட்டும் வருஷா வருஷம் அம்மா வீட்டில் சேர்ந்து போடுவது வழக்கம். நீங்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன், முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, பாகு விட்டு உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விடுவோம். பாகு பதம் தப்பினால் உருண்டை எண்ணெய்க்குள் உடைந்து தெறிக்கும். அன்றைக்கு அப்படித்தான் ஒன்று உடைந்தது. மதினி பதறிக் கையை இழுத்ததில் கண்ணுகரண்டி சட்டியின் விளிம்பில் மாட்டி, சட்டி சாய்ந்து, இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை எண்ணெய் கொட்டிவிட்டது. வெந்நீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரிதான். பலகார எண்ணெய் 180 வரை போகும். பட்ட இடத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

இனிமேல் சொல்வதுதான் புகாரே.

அம்மா திண்ணையில் இருந்து கத்தினாள்: “ஏட்டி, தண்ணிய ஊத்து! தண்ணிய ஊத்துட்டி!” என் மகள் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான்தான் தடுத்தேன். ஏனென்றால் உங்கள் துண்டுத்தாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்து வைத்திருந்தேன். “தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் வரும். தண்ணீர் படாமல் உடனே தடவவும்.” தடித்த எழுத்தில், சிவப்புக் கட்டத்துக்குள். அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து, மதினி கையில் பாதிக்குப் பாதி ஊற்றித் தடவியது நான். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். நான் பி.காம். படித்தவள்.

தடவியதும் மதினிக்குக் குளுகுளு என்றிருந்தது. “எரிச்சல் கொறஞ்சிருக்கு” என்றார்கள். எனக்குப் பெருமைகூட வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் குளுமை உங்கள் எண்ணெயில் வாசனையிலேயே தெரிகிற கற்பூரமும் புதினா உப்பும் செய்த வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவை தோலுக்குக் குளிர்ச்சி மாதிரி ஓர் உணர்வைக் கொடுக்கும், உள்ளே இருக்கிற சூட்டை இறக்காது. வலி குறைந்த மாதிரி இருந்ததால் அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டோம். பத்து மணிக்கு மேல் கை வீங்கிவிட்டது. கண்ணாடி வளையல்களை உடைத்து எடுத்தோம். ஒரு தங்க வளையலைக் காலையில் ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. கொப்புளம் வராது என்று போட்டிருந்தீர்கள். விடிவதற்குள் மணிக்கட்டைச் சுற்றி எலுமிச்சை அளவுக்கு மூன்று கொப்புளங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கட்டுப் போடும் நர்ஸ் பார்த்ததும் முதலில் கேட்டது, “இதுல எண்ணெய யாருக்கா போட்டது?” காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்க்க வேண்டுமே, எண்ணெய் பச்சையும் மஞ்சளுமாகப் படிந்திருந்தால் எப்படித் தெரியும்? உப்புநீர் விட்டு விட்டு, பஞ்சுத் துணியால் அந்த எண்ணெயை வழித்து எடுத்தார்கள். வெந்த தோலின் மேல். மதினி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். சூடான பொருளை எடுத்த பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு இன்னும் கீழே இறங்கிக்கொண்டே இருக்குமாம். அதை நிறுத்த ஒரே வழி, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுவது. உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கூடாது. வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகம், கை, மூட்டு இவற்றில் பட்டாலும், அவரவர் உள்ளங்கை அளவுக்கு மேல் பட்டாலும், டாக்டரிடம் காட்டாமல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை, தோல் வெந்ததால் வருவது. எண்ணெய் போட்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். பாட்டிலைத் திறந்து பத்து பேர் விரல் விட்ட எண்ணெயில் கிருமியும் இருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா வீட்டு முற்றத்தில் குழாயைத் திருகினால் தாமிரபரணித் தண்ணீர். கொஞ்ச தூரம் நடந்தால் கன்னடியன் கால்வாய். தண்ணீருக்கு இவ்வளவு கொடுத்து வைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, காசில்லாமல் கிடைக்கிற வைத்தியத்தைத் தடுத்துவிட்டு 349 ரூபாய் எண்ணெயை ஊற்றியிருக்கிறேன்.

நியாயமாகவே பேசுகிறேன். காயம் இவ்வளவு ஆழமானதற்கு உங்கள் எண்ணெய் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. கொட்டியது கொதிக்கிற எண்ணெய். ஆனால் அந்த முதல் 20 நிமிடம் எங்கள் கையில் இருந்தது. அதை வீணாக்கச் சொன்னது உங்கள் சிவப்புக் கட்டம். புண் மூட 22 நாள் ஆயிற்று. மூன்று வாரத்தைத் தாண்டினால் தழும்பு விழ வாய்ப்பு அதிகம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள், மணிக்கட்டில் தடித்துத்தான் நிற்கிறது. மதினி அப்பளம் போட்டுக் கூலி வாங்குகிறவர். இடது கை இல்லாமல் அப்பளக்கட்டையை உருட்ட முடியாது. தீபாவளிக்குப் பிறகு ஒரு மாதமாக அந்தக் கூலி இல்லை.

இனி உங்கள் துண்டுத்தாள். “சித்தர்கள் அருளிய ரகசியம், சேர்மானம் வெளியிடப்படவில்லை” என்று போட்டிருக்கிறீர்கள். யாரிடம் இந்தக் கதை? பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் ஆறாத புண் வந்தபோது அங்கே மத்தன் தைலம் போட்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்குச் சொன்னார்கள்: ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம். ஒளிக்கவில்லை. எந்தப் புண்ணுக்கு, எந்தப் பக்குவத்தில் என்று பார்த்துத்தான் போட்டார்கள். தீப்புண்காரரை வாழை இலையில் படுக்க வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு, அதில்கூட இலை புண்ணில் ஒட்டாது என்ற காரணம் இருக்கிறது. ரகசியம் என்று சொல்லிக் காசு வாங்குவதற்குச் சித்தர்களை இழுக்காதீர்கள்.

“100 சதவீதம் இயற்கை, எனவே பக்கவிளைவு இல்லை” என்பது அடுத்த வரி. ஊமத்தங்காயும் இயற்கைதான், அரளி விதையும் இயற்கைதான். யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் சேர்ந்த பாட்டிலை ஒரு குழந்தை வாயில் கவிழ்த்தால் வலிப்பு வரை போகும். உங்கள் லேபிளில் ‘குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று ஒரு வார்த்தை இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி வருகிறார். 1910-இல் ஆய்வகத்தில் கை தீய்ந்து, பக்கத்தில் இருந்த லாவெண்டர் எண்ணெய்ப் பாத்திரத்தில் கையை முக்கியதும் ஆறிவிட்டதாம். என் அண்ணன் மகன் வேதியியல் படிக்கிறான். அத்தை சும்மா விடமாட்டாள் என்று தெரிந்து, தேடிப் படித்துக்கொண்டு வந்தான். அவர் பெயர் கட்டஃபோசே. வாசனைத் திரவியத் தொழில் செய்த குடும்பத்து வேதியியலாளர். 1937-இல் அவரே எழுதியிருப்பது வேறு கதை. வெடி விபத்தில் உடம்பில் பிடித்த தீயைப் புல்தரையில் உருண்டு அணைத்தார். பிறகு கைகளில் சதை அழுகும் கிருமித் தொற்று வேகமாகப் பரவியது. அப்போதுதான் லாவெண்டர் எண்ணெயால் கழுவினார், தொற்று நின்றது என்கிறார். பாத்திரத்தில் கையை முக்கிய கதை பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. அவர் சொன்னதும் அவர் ஒருவருடைய அனுபவம்தான். அதை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து விற்க முடியாது. அது கிடக்கட்டும், உங்களுக்குச் சாட்சி சொல்ல வந்தவரே ‘உடனே’ தடவவில்லை.

நான் எண்ணெய்க்கு எதிரி இல்லை. தலைக்கு நல்லெண்ணெய் வைக்காமல் சனிக்கிழமை விடியாது எங்கள் வீட்டில். புண் முழுக்க மூடி, புதுத் தோல் வறண்டு அரிப்பெடுக்க ஆரம்பித்தபோது, தேங்காயெண்ணெய் தடவி லேசாக நீவிவிடச் சொன்னதும் அதே டாக்டரம்மாதான். வெந்து ஆறிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கெட்டுப்போயிருக்கும், தானாக ஈரப்பசை வராது, அதனால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்றார். இப்போது தினமும் ராத்திரி அம்மாதான் மதினிக்குத் தடவி விடுகிறாள். செக்கில் ஆட்டியது, வேறெதுவும் கலக்காதது. அரிப்பு அடங்கித் தூக்கம் வருகிறது. எண்ணெய்க்கு ஒரு காலம் இருக்கிறது, அது 22-ஆம் நாளுக்குப் பிறகு வந்தது. நீங்கள் அதை முதல் நிமிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். 349 ரூபாயும், மதினியின் ஒரு மாதக் கூலியும், வளையலை வெட்டி ஒட்டிய செலவும். கணக்கு தனித்தாளில் இருக்கிறது, ஒரு ரூபாய் கூட்டவில்லை. அதைவிட முக்கியம், அந்தச் சிவப்புக் கட்டத்தை எடுங்கள். அதே இடத்தில், அதே தடித்த எழுத்தில், ‘முதலில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். திறந்த புண்ணில் தடவக் கூடாது’ என்று போடுங்கள். இது சித்த மருந்தென்றால் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானம் லேபிளில் இருக்க வேண்டும், உங்கள் பாட்டிலில் இருப்பது பார்கோடும் தாமரைப் படமும்தான். அழகுசாதனப் பொருள் என்றால், புண்ணை ஆற்றும் என்று சொல்ல உங்களுக்கு இடமே இல்லை. இரண்டில் எது என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

30 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதும், தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு என்பதும் விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான்.

போன வாரம் உங்களிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. ‘தங்கள் மனவருத்தத்துக்கு எங்கள் அன்புப் பரிசு’ என்ற சீட்டோடு இன்னொரு பாட்டில், அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். இரண்டையும் சீல் உடைக்காமல் இதே உறையுடன் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழைய பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது. ஆணையத்தில் காட்ட வேண்டி வரும் என்பதால் அது என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி வாடிக்கையாளர்
(பெயர், ஆர்டர் எண், போன் எண் தனித்தாளில்)