பெல்லுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

புது வீட்டுப் படங்களைப் பார்த்தோம். அம்மா சமையலறையில் அடுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள், பலகை மாதிரி மட்டமாக இருக்கிறதே அதுதான் அடுப்பு என்று நான் சொன்ன பிறகும் நம்பவில்லை. நான் வாசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே பெல்லுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரைத்தான் ஒட்டுவார்கள் என்று நீ போன புதிதில் சொல்லியிருக்கிறாய். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் என் பெயரைப் போட்டோம் இல்லையா, அதனால் ஜெர்மனியில் ஒரு வாசலில் என் பெயர் ஒட்டியிருக்கிறது. இதை டீக்கடையில் சொல்லாமல் இருக்க முடியுமா, சொல்லிவிட்டேன்.

என் பெயருக்குக் கீழே அதே சீட்டில் இன்னொரு பெயர் இருந்தது. கோவாக்ஸ் என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன், கொவாச் என்று சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரர் பெயராக இருக்கும். இல்லையென்றால் முன்னால் குடியிருந்தவர் பெயரை எடுக்காமல் விட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு பெயரும் ஒரே கையெழுத்தில் இருந்தது, உன் கையெழுத்து எனக்குத் தெரியும், அது கோழி கிளறின மாதிரி இருக்கும். இது நல்ல வட்டமான எழுத்து. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல் செல்லில் அந்தப் பெயரைத் தேடினேன். ஹங்கேரிப் பெயராம். அர்த்தம் என்ன தெரியுமா? கொல்லன். அந்த நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. உன் தாத்தா இருந்திருந்தால் முதல் கேள்வியே "நம்ம ஆளுகளா?" என்றுதான் இருக்கும். நம்ம ஆளுகதான் போலிருக்கு. வீட்டுக்காரரைச் சொல்கிறேன்.

அப்புறம் இரண்டு நாள் இதே வேலைதான். ஹங்கேரிக்காரர்கள் இந்தச் சொல்லைப் பக்கத்து ஸ்லாவிய மொழிகளிலிருந்து எடுத்துக்கொண்டார்களாம். அந்த மொழிகளில் 'கொவாதி' என்றால் இரும்பை அடித்து வடிப்பது. போலந்தில் கொவால்ஸ்கி, உக்ரைனில் கொவலென்கோ, ரஷ்யாவில் குஸ்நெத்சோவ், எல்லாம் அதே வேரில் வந்த கொல்லன் வீட்டுப் பெயர்கள். ஜெர்மன் மொழியில் வெட்டுவதற்கு, அடிப்பதற்கு 'ஹாவென்' என்கிறீர்களே, அதுவும் இதற்குத் தூரத்துச் சொந்தமாம். உங்கள் ஊர் ஷ்மிட் கதை வேறு. ஜெர்மனியில் ம்யூலருக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கிற பெயர் அது, இங்கிலாந்தின் ஸ்மித்தும் அதுவும் ஒன்றுதான், ஆனால் ஆதியில் அந்தச் சொல்லில் இரும்பே கிடையாது. கைவேலை தெரிந்தவன் யாராக இருந்தாலும் அந்தப் பெயர்தான். ஐஸ்லாந்தில் இன்றைக்கும் தச்சனை மர ஸ்மித் என்கிற மாதிரிதான் சொல்கிறார்களாம். பிரெஞ்சில் லெஃபெவ்ர் என்ற பெயர் லத்தீன் 'ஃபாபெர்' என்பதிலிருந்து வந்தது, அதுவும் வெறும் கைவினைக்காரன். நம் பக்கமும் அப்படித்தானே, தெலுங்கில் கம்மரி, கன்னடத்தில் கம்மார, வங்காளத்தில் கர்மகார், எல்லாவற்றிலும் கருமம், அதாவது வேலை, உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அரபுக்காரரும் இத்தாலிக்காரரும் மட்டும் நேராக இரும்பிலிருந்தே பெயர் வைத்துவிட்டார்கள், ஹத்தாத், ஃபெராரி. அந்தச் சிவப்புக் கார் கம்பெனிக்காரர் பெயரும் நம் ஜாதிதான் என்று சொன்னால் டீக்கடையில் ஒருத்தரும் நம்பவில்லை.

தமிழ் வாத்தியாரிடம் கேட்டேன். புறநானூற்றில் கருங்கைக் கொல்லன் என்று வருகிறதாம். இரும்புக்குக் கரும்பொன் என்று பெயர், இங்கிலீஷ்காரரும் இரும்பைக் கறுப்பு உலோகம் என்று சொல்லித்தான் பிளாக்ஸ்மித் ஆனார்கள் என்றார். எனக்கு அந்தக் கருங்கைதான் பிடித்தது. பொங்கல் சமயத்தில் கதிர் அறுவாள் வேலை முடித்து வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கரி போகாது, நீ அந்தக் கையால் சோறு ஊட்ட வேண்டாம் என்று அழுவாய். இப்போது நீ வேலை பார்க்கிற இடத்தில் நான் பகல் முழுக்க சம்மட்டி போட்டதை மெஷின் ஒரே அடியில் வடித்துவிடும் என்கிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. பட்டறையை எடுத்து நடத்து என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் துருத்தியை விற்றேன் என்று சொன்னபோது "எவ்வளவுக்குப்பா போச்சு" என்று கேட்டாய் பார், அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அது கிடக்கட்டும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதே, ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

சொல்ல மறந்துவிட்டேன், அத்தை போன வாரம் வந்திருந்தாள். மாமாவும் வந்தார். நான்தான் நேரில் போய்க் கூப்பிட்டேன். அம்மா வெளிநடையில் இலை போடப் போனாள், உள்ளேயே போடு என்று சொல்லிவிட்டேன். மாமா நன்றாகப் பேசுகிற மனுஷர். உன்னை விசாரித்தார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு, எனக்குத்தான் சோறு கொஞ்சம் இறங்கவில்லை, சரியாகிவிடும். இதை ஞாயிற்றுக்கிழமை போனில் நீயாக எடுக்க வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பையன் தை மாசம் பிராங்க்பர்ட் வருகிறான். கைப்பையில் கூடாதாம், பெட்டிக்குள் வைத்தால் கத்தி கொண்டு வரலாமாம். துருத்தி போனால் என்ன, பழைய உலை இருக்கிறது, ஊதுவதற்குச் சின்ன மோட்டார் வாங்கியிருக்கிறேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு நல்லதாக எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கு ஒரு காய்கறிக் கத்தி அடிக்கப் போகிறேன். கடைக் கத்தி மாதிரி இருக்காது. வாய்ப்பக்கத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, உடனே கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு பார்க்க வேண்டும், மேலே மிச்சமிருக்கிற சூடு இறங்கி வரும்போது வெள்ளை இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பின்னால் தவிட்டு நிறம், ஊதா, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தோய்த்துவிட வேண்டும். நீலம் வரைக்கும் விட்டால் கத்தி வாய் இளகிவிடும், மாசத்துக்கு மாசம் தீட்டிக்கொண்டே இருக்கணும். முதலிலேயே நிறுத்திவிட்டால் பூசணிக்காயில் போட்டதும் பல்லு பல்லாகத் தெறிக்கும். இப்போது கண் முன்னைப் போல இல்லை, சாயங்கால வெளிச்சத்தில்தான் நிறம் பிடிபடுகிறது, அதனால் அவசரப்படுத்தாதே.

ஒரு பக்கம் மட்டும் தீட்டித் தரலாம் என்று இருக்கிறேன், வெங்காயம் கத்தியில் ஒட்டாமல் விழும். அதற்கு எந்தக் கை என்று தெரிய வேண்டும், வலக்கைக்கு ஒரு பக்கம், இடக்கைக்கு மறுபக்கம். பிடியும் கை அளவுக்குத்தான் செதுக்கணும். அங்கே காய் நறுக்குகிற ஆளுக்கு இடக்கையா வலக்கையா, கை பெரிசா சின்னதா என்று எழுது. உன் கை அளவு என்னிடம் இருக்கிறது.

அப்பா