சுவரைக் காப்பாற்றிய பெரியவருக்கு நன்றி

பழைய வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி, பூச்சு பொரிந்து உதிர்ந்த இடத்தில் மூன்றாவது முறையாகச் சிமென்ட் அப்பிக்கொண்டிருந்தேன். நானே செய்கிறேன் என்ற வீராப்பு வேறு!

தெருவில் போன பெரியவர் ஒருவர் நின்றார். "தம்பி, இது சுண்ணாம்புச் சுவர். சிமென்டால் அடைத்தால் ஈரம் எப்படி வெளியேறும்?"

மறுநாள் சொன்னபடி வந்தார். செங்கல் தெரியும்வரை சுரண்டச் சொன்னார். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். பூசும் முன் செங்கல்லை நன்றாக நனைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சாந்தின் நீரை அது குடித்துவிடும். அப்புறம் சில நாள் லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கிளம்பினார். காசு வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.

ஐயா, மழை முடிந்தும் பூச்சு உதிரவில்லை. மூலையில் உங்கள் கட்டைவிரல் தடம் பதிந்திருக்கிறது. அதை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். மிக்க நன்றி.