விதைப்பும் ஒலிபரப்பும்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ரேடியோவில் பேசுவதற்கு ஏன் 'பிராட்காஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள், எதையோ அள்ளி வீசுவது போல இருக்கிறதே என்று போனில் கேட்டாய். நீ நினைத்தது சரிதான் அம்மா. அது வீசுகிற வேலையின் பெயர்தான்.

வேளாண்மைத் துறையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கொடுத்த ஆங்கிலக் கையேடுகளில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். விதையைக் கையால் அள்ளி வயல் முழுக்கத் தெளிப்பதுதான் அதன் பொருள். இங்கிலாந்தின் உழவர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் சொன்னார்கள். வானொலி வந்தபோது, அலையை எல்லாத் திசைக்கும் அனுப்புவதற்கு அந்த வயல் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 1922-இல் பிபிசி தொடங்கியபோது அது நிறுவனத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது. இன்று லண்டனில் ஒலிபரப்புப் படிப்பைப் படிக்கிற உனக்கு, சொல்லின் பழைய வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தெளிப்பது என்றால் கண்டபடி எறிவது இல்லை. இப்போது நம் வயலில் சம்பா அறுப்புக்கு நிற்கிறது. அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், நெல் நிற்கும்போதே உளுந்து தெளிப்போம். ஏக்கருக்கு 10 கிலோ போல ஆகும். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. தெளிக்கிறவருக்கு விதை விழுகிற இடமே தெரியாது. கதிருக்கு மேலே வீசினால், தாளுக்குள் புகுந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கிலும் மறு பங்கைக் குறுக்கேயும் போடுவார்கள். காற்று பலமாக இருந்தால் பொறுத்திருப்பார்கள். எள் என்றால் இன்னும் சிரமம், பொடி விதை கைக்கு அடங்காது. மணலோடு கலந்துதான் வீச வேண்டும். (அறுப்பு மெஷின் வந்த பிறகு சக்கரத்தில் உளுந்து நசுங்குகிறது. அது எனக்குத் தீராத வருத்தம்.)

நம் தஞ்சைப் பக்கத்தில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே நெல்லில் வந்து சேர்ந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. 1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் வந்தது, குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. எந்த நேரத்தில் நாற்று விட வேண்டும், எவ்வளவு உரம் என்று எல்லாம் வானொலி வழியாகவே வந்தது. ஜனங்கள் ஆடுதுறை என்ற பெயரை விட்டுவிட்டு 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உன் தாத்தாவும் கடைசி வரை அப்படித்தான் சொன்னார். வானொலியில் வீசிய பேச்சு நாற்றங்காலில் முளைத்தது என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

அங்கே மைக் முன்னால் உட்காரும்போது யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பேசுவது பயமாக இருக்கிறது என்றாய். திருச்சியில் பேசியவர்களுக்கும் உன் தாத்தாவைத் தெரியாதே. ஆனால் குறுவைக்காரனுக்கு அந்த வாரம் என்ன தேவை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைத்தான் பேசினார்கள். நீயும் கேட்கிறவருடைய வாரம் எப்படிப் போகிறது என்று முதலில் விசாரித்து வை, பேச்சு தானாக வரும்.

அப்புறம், உன் முதல் நிகழ்ச்சி எந்த நாள், நம் நேரப்படி எத்தனை மணிக்கு, போனில் எப்படிக் கேட்பது என்று விவரமாக எழுது. அம்மா இப்போதே தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா