குன்றிமணியில் தொடங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்டர்கலர் பெட்டியில் 48 வண்ணம் இருப்பதாகப் போனில் சொன்னாய். சரி, வாங்கியாச்சு. இப்போதைக்கு நாலு போதும்: ஸ்கார்லெட் (பளிச்சென்ற சிவப்பு), கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கறுப்பையும் வெள்ளையையும் தொடாதே. தாள் வாங்குவதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதே, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். சாதாரண டிராயிங் தாள் ஈரம் பட்டதும் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். அப்புறம் உனக்குத்தான் வரைய வரவில்லை என்று பெட்டியை மூடிவிடுவாய்.

முதலிலேயே ரோஜாப்பூ என்றாயே, அதில் எனக்குச் சம்மதமில்லை. இதழுக்குள் இதழாக ஆளைத் திணறடித்துவிடும். அதனால்தான் இந்தக் கவரில் குன்றிமணி வைத்திருக்கிறேன். சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்தது போக மிஞ்சியது. குட்டிப்பயல் கைக்கு எட்டாமல் வை; கடித்து மென்றால் கடும் விஷம்.

ஒன்றை எடுத்து வெள்ளைத் தாள்மேல் வை. ஜன்னல் உனக்கு இடப்பக்கம் இருக்கட்டும். விளக்கை அணைத்துவிடு, இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் நிழல் குழம்பும். உடனே பிரஷ்ஷை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார். குன்றிமணி சிவப்பு என்று உனக்கு முன்பே தெரியும், தொந்தரவே அதுதான். உண்மையில் ஜன்னல் பளிச்சென்று விழுகிற புள்ளியில் அது வெள்ளை. எதிர்ப்பக்கம் ஏறக்குறைய மெரூன். அடி ஓரத்தில், தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி அடிப்பதால் மறுபடி லேசான சிவப்பு. இவ்வளவும் கண்ணில் பட்ட பிறகு வரை.

நிஜ அளவில் வேண்டாம், எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள். 19ஆம் நூற்றாண்டில் மதராஸில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கய்யா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள் செடிகள் வரைந்தார்கள். அந்தப் படங்களின் ஓரத்தில் பூவின் உள்பாகத்தையும் விதையையும் தனியே பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். படங்கள் நெட்டில் கிடைக்கும், தேடிப் பார்.

பென்சிலை அழுத்தாமல் உருவம் போடு. வெள்ளைப் புள்ளியையும் கறுப்பு மூக்கையும் கோடு கட்டி ஒதுக்கிவிடு. ஸ்கார்லெட்டை நிறையத் தண்ணீரில் கரைத்து, அந்த இரண்டு இடத்தையும் விட்டு மற்றதெல்லாம் பூசு. ஈரம் பளபளக்கும்போதே, துளி நீலம் சேர்த்த கிரிம்சனை வலப்பக்கம் தொட்டு வை. பிரஷ்ஷால் தேய்க்காதே, தானாகப் பரவும். இதில்தான் எல்லோரும் கைவைத்துக் கெடுக்கிறார்கள். பளபளப்பு போய், ஆனால் இன்னும் காயாமல் இருக்கிறதே, அப்போது ஈரப் பிரஷ் பட்டால் காலிஃப்ளவர் மாதிரி ஓரம் கட்டிக்கொள்ளும். எழுந்து போய்க் காபி போடு. ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்வதும் நல்லது, இல்லாவிட்டால் பாதி பூசுவதற்குள் மீதி காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பார். சில்லென்று இருந்தால் காயவில்லை. காய்ந்தபின் நிறம் வெளிறியிருக்கும், பயப்படாதே, வாட்டர்கலரின் குணமே அப்படி. மேலே இன்னொரு பூச்சு கொடு.

மூக்குக்கு நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்துகொள். ட்யூப் கறுப்பு தாளில் ஓட்டை போட்டது போலத் தட்டையாகத் தெரியும், இந்தக் கலவை உயிரோடு இருக்கும். சிவப்பு முழுக்கக் காய்வதற்குள் இதைப் பூசினால் இரண்டும் ஓடிக் கலந்துவிடும். தாள்மேல் விழும் நிழலுக்கும் இதே கலவைதான், தண்ணீர் கூட்டிக்கொள். மணி தாளைத் தொடுகிற இடத்தில் அடர்த்தியாகவும், வெளியே போகப் போக ஈரப் பிரஷ்ஷால் கரைத்தும் விடு. அந்த நிழல் வந்ததும்தான் மணி தாள்மேல் உட்காரும், அதுவரை மிதந்துகொண்டிருக்கும்.

வெள்ளைப் புள்ளி தவறிப்போய் மூடிவிட்டால் வெள்ளை பெயின்ட் வைத்து ஒப்பேற்றாதே, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். பிழிந்த பிரஷ்ஷால் ஒற்றி எடு. வரவில்லையென்றால் புதுத் தாளில் போடு, கவரில் இன்னும் மணி இருக்கிறது.

வரைந்ததைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. ட்யூப்லைட்டில் எடுத்தால் சிவப்பு மாறிவிடும். அப்பா “இது என்ன, தக்காளியா?” என்று கேட்டால் கண்டுகொள்ளாதே. என்னிடமும் அதையேதான் கேட்டார்.

அன்புடன்,
அம்மா