நனைந்த மூட்டைக் கணக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன் அல்லவா, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கன்டெய்னரில் தண்ணீர் புகுந்துவிட்டது, சேதத்தைக் கணக்கெடுக்கும் சர்வேக்கு நீ போயிருக்கிறாய், நூறு பெட்டியில் முப்பது பெட்டி நன்றாகவே இருக்கிறது, ஆனால் மொத்தமும் நஷ்டம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் வலிக்காது, இன்சூரன்ஸ் கொடுத்துவிடும், குடோன்காரர் உன் கார் டிக்கியில் இரண்டு பெட்டி வைத்துவிடுவார், கூட வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "இது திருட்டாப்பா?" என்று கேட்டாய். நான் சிக்னலைக் குறை சொன்னேன்.

பேசினால் உளறுவேன், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் நாங்கள் அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது நியூஜெர்சியில் மானஸ்க்வான் கடற்கரைக்குக் கூட்டிப்போனாயே, காற்றில் புளியோதரையெல்லாம் மணலாகி அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தாளே, அந்தக் கரைக்கு ஒரு காலத்தில் ஸ்க்வான் பீச் என்று பெயர். நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த பாய்க்கப்பல்கள் குளிர்காலப் புயலில் வழிதவறி மோதி உடைந்த கரை அது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் துறைமுகத்தில் பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்குக் கப்பல் என்றால் அப்படி ஒரு பைத்தியம்.

அங்கே ரெக் மாஸ்டர், அதாவது உடைந்த கப்பலுக்குப் பொறுப்பாளர், என்று ஒரு உத்தியோகம் இருந்தது. கடற்கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவரை நியமிப்பார்கள். கப்பல் தரைதட்டியது என்று தகவல் வந்தால் ஓடிப்போய் கூலிக்கு ஆள் பிடித்து, சரக்கைக் கரையேற்றி, காவல் போட்டு, பட்டியல் எழுதி, உரிமையாளர் வந்தால் ஒப்படைக்க வேண்டும், வராவிட்டால் ஏலம் விட வேண்டும். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, காப்பாற்றிய சரக்கின் மதிப்பில்தான் அவருக்கும் கூலியாட்களுக்கும் பங்கு. மற்ற நாளில் அவரும் மீன்பிடிக்கிறவர், மாடு மேய்க்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர். யாரிடமிருந்து சரக்கைக் காக்க வேண்டுமோ அவர்கள்தான் அவருடைய மச்சானும் சித்தப்பாவும். இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு ஒட்டுதல் வந்தது.

இதற்கான சட்டம் இங்கிலாந்திலிருந்து போனது. 1275ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ ஒரு நாயோ ஒரு பூனையோ உயிரோடு தப்பித்துவிட்டால் அந்தச் சரக்கு அநாதை அல்ல, ஒரு வருஷமும் ஒரு நாளும் வைத்திருந்து உரியவர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும் என்கிறது. பூனையைச் சேர்த்திருக்கிறார்கள் பார். நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம்தான், ஆனால் ஒரு பூனை உயிரோடு கரையேறினால் நமக்குச் சரக்கு போச்சே என்று கரையில் நிற்கிறவன் நினைத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தேன், தூக்கம் போயிற்று.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பழைய கடல் சட்டப்படி சரக்கைக் காப்பாற்றினால் பங்கு உண்டு, உயிரை மட்டும் காப்பாற்றினால் ஒன்றும் கிடையாது. உப்பு மூட்டைக்குக் கூலி, ஆளுக்குக் கிடையாது.

1846 பிப்ரவரியில் ஜான் மின்டர்ன் என்ற கப்பல் உன் ஊர்ப்பக்கம்தான், மான்டோலோகிங் அருகே, பனிப்புயலில் உடைந்தது. கேப்டன், அவர் மனைவி, குழந்தைகள் எல்லோரும் போய்விட்டார்கள். கரையில் இருந்தவர்கள் பிணங்களின் பையைத் தடவினார்கள், பிணத்தை ஒப்படைக்கவும் பணம் கேட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அரசு விசாரணைக்குழு போட்டது. குழு ஊர்க்காரர்களிடம் வாக்குமூலம் வாங்கி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் கடற்கரைக்காரன் என்றால் கொள்ளைக்காரன் என்ற பேச்சு அதனால் ஓயவில்லை. ஏழையின்மேல் விழுந்த பழி அவ்வளவு சுலபத்தில் இறங்குமா?

அதே கரையில் நான்கு வருஷம் கழித்து, 1850 ஜனவரியில், அயர்லாந்திலிருந்து குடியேற வந்தவர்களோடு அயர்ஷைர் கப்பல் தரைதட்டியது. மறுபடியும் பனிப்புயல், படகு இறக்கவே முடியாத அலை. அங்கே ரெக் மாஸ்டராக இருந்தவர் ஜான் மாக்ஸன். அதற்கு முன்பே, வில்லியம் நியூவெல் என்ற டாக்டர், கப்பல் ஒன்று கண்ணெதிரே உடைந்து ஆட்கள் சாவதைப் பார்த்தவர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினரானதும் 1848இல் 10,000 டாலர் ஒதுக்க வைத்திருந்தார். அந்தப் பணத்தில் கரையோரம் எட்டுக் கொட்டகைகளும், உள்ளே சிறு பீரங்கி, கயிறு, உயிர்காக்கும் படகு எல்லாமும் வந்திருந்தன. ஆனால் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட கிடையாது. மாக்ஸன் கொட்டகையைத் திறந்து, கயிறு கட்டிய குண்டைக் கப்பலின் குறுக்கே விழும்படி சுட்டார். அந்தக் கயிற்றின் வழியே பெரிய வடத்தை இழுத்து, அதில் ஜோசப் பிரான்சிஸ் என்பவர் செய்திருந்த மூடிபோட்ட இரும்புப் படகைத் தொங்கவிட்டு, ஒரு தடவைக்கு சில பேராக உள்ளே படுக்கவைத்து, மூடியைச் சாத்தி, அலைக்குள்ளேயே இழுத்துக் கரைசேர்த்தார்கள். உள்ளே இருக்கும் காற்று சில நிமிஷத்துக்குத்தான் வரும், அதற்குள் இழுத்தாக வேண்டும். 202 பேரில் 201 பேர் பிழைத்தார்கள். இறந்த ஒருவரும், குடும்பம் உள்ளே இருக்கிறது, தனியாக வர மாட்டேன் என்று படகின் மேலே தொற்றிக்கொண்டு வந்தவர், அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் படகை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், முடிந்தால் போய்ப் பார். அந்த 201 உயிருக்குச் சட்டப்படி ஒரு சல்லிக்காசும் வராது என்று தெரிந்துதான் அந்த மனிதர் பனியில் நின்றிருப்பார்.

இன்னும் நான்கு வருஷம். 1854 ஏப்ரலில் பவ்ஹாட்டன் என்ற கப்பல், ஜெர்மன் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு வந்தது, பார்னகட் முகத்துவாரத்துக்குத் தெற்கே லாங் பீச் தீவில் மாட்டிக்கொண்டது. கொட்டகை மைல் கணக்கில் தள்ளி இருந்தது. கயிறு வரவில்லை. இருநூறுக்கும் மேல் ஆட்கள், ஒருவர்கூடத் தப்பவில்லை. புது நாட்டில் நிலம் வாங்க வந்தவர்கள், பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள், ஆனால் கரையொதுங்கிய பிணங்களில் பணம் இல்லை. கொஞ்ச காலம் கழித்து வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றின் பக்கத்தில் காலிப் பணப்பைகள் அகப்பட்டன என்றும், ரெக் மாஸ்டர் ஊரைவிட்டே போய்விட்டார் என்றும் ஊர்க்கதை சொல்கிறது. கதைதான், சாட்சி கிடையாது, அதனால் அந்த மனிதரின் பெயரை எழுதவில்லை. மனஹாக்கின் கல்லறையில் பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் டிசம்பரில்தான் கொட்டகைகளுக்குச் சம்பளத்தோடு பொறுப்பாளர் போடச் சட்டம் வந்தது, வருஷத்துக்கு 200 டாலர்.

ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக் கதை வேறு மாதிரி, அங்கே இதுவே ஊரின் தொழில். பவளப்பாறையில் மோதிய கப்பலுக்கு முதலில் போய்ச் சேருகிற படகின் தலைவன்தான் அங்கே ரெக் மாஸ்டர், அதனால் எல்லாம் ஓட்டப்பந்தயம். ஒரு பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கப்பல் மாட்டியதைப் பார்த்துவிட்டு, பந்தயத்தில் எல்லோரும் ஓடினாலும் ஒருவனுக்குத்தான் பரிசு என்ற பைபிளில் வரும் பவுலின் வசனத்தைச் சொல்லிக்கொண்டே மெதுவாக வாசல்வரை நடந்து, அங்கே போனதும் "கப்பல் கரையில!" என்று கத்திவிட்டு முதல் ஆளாக ஓடினாராம். நடந்ததோ இல்லையோ, அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்த வேலை சிரிப்பில்லை. தண்ணீர் நிறைந்த சரக்கறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, சாயமும் மருந்தும் கரைந்த தண்ணீரில் கண் எரிய எரிய சரக்குக் கட்டுகளைத் தேடி எடுப்பார்கள்.

அங்கே வில்லியம் மார்வின் என்று ஒரு நீதிபதி. 1847க்குப் பிறகு அவர் கோர்ட்டில் லைசென்ஸ் வாங்காமல் யாரும் இந்தத் தொழில் செய்ய முடியாது. கப்பல் கேப்டனோடு ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்தால் லைசென்ஸ் போகும். காப்பாற்றிய சரக்கில் கைவைத்தவனுக்கு, அவன் மாதக்கணக்கில் முங்கி எடுத்திருந்தாலும் சரி, பங்கே கிடையாது. இதைப் படித்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

சரி, இப்போது சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது, நான் வேலை பார்த்த இடத்துக்கு இறக்குமதி முந்திரிக்கொட்டை வந்தது. தார்ப்பாய் கிழிந்து நாற்பது மூட்டை நனைந்துவிட்டது. அறுபது என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். என் கையெழுத்துதான், யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. காய்ந்த இருபது மூட்டை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு வறுத்து உடைத்த பருப்பு ஐந்து கிலோ வீட்டுக்கு வந்தது. அம்மா பாயசம் வைத்தாள், தெருவுக்கெல்லாம் கொடுத்தாள், நீ டப்பாவில் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனாய்.

அதே வாரத்தில் லோடுமேன் ஒருவர் மடியில் ஒரு கை கொட்டையைக் கட்டிக்கொண்டு போனதாகப் பிடித்து வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அந்த மெமோவையும் நான்தான் எழுதினேன். அழகான கையெழுத்து என்று என்னிடம்தான் எப்போதும் கொடுப்பார்கள்.

அவர் இப்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். என்னைப் பார்த்தால் "வாங்க சார்" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார், காசு கொடுக்கவிட மாட்டார். அந்த அறுபதைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் போனில் படித்துக் காட்டாதே, அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது வழியில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

முழங்கால் வலிக்கு நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது. சர்வே ரிப்போர்ட்டை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்.

அப்பா