டில்லிக்கு, தொழில் மாத்துற விஷயமா

டேய் டில்லி,

கனடால எந்த தொழிலுக்கு மாறலாம்னு நீ கேட்டதுக்கு உடனே பதில் போடலன்னு கோச்சுக்காத, மே மாசம்டா இது, கத்திரி ஆரம்பிச்சதுல இருந்து காலைல ஆறு மணிக்கு அடிக்க ஆரம்பிக்குற போன் நைட்டு பதினொண்ணு வரைக்கும் நிக்கறதில்ல. ஏசில கூலிங் இல்ல, மெயின் ட்ரிப் ஆவுது, மீட்டர் போர்டுல புகை வருதுன்னு ஒரே பேஜாரு. தண்டையார்பேட்டைல இப்போ வீட்டுக்கு ரெண்டு ஏசி மாட்டிட்டானுங்க ஆனா உள்ள ஓடுற ஒயரு மட்டும் அவங்க தாத்தா காலத்து ஒயரு. என்னத்த சொல்ல, துட்டு வருது, தூக்கம் போவுது.

உங்கம்மாவ போன வாரம் பாத்தேன், காலடிப்பேட்டை மெட்ரோ வாசல்ல. வடிவுடையம்மன் கோயிலுக்கு மெட்ரோலயே போய்ட்டு வராங்களாம், லிப்டு கீதுப்பா முட்டி வலிக்கல அப்டின்னாங்க. மாத்திரை தீர்ந்துடுச்சான்னு கேட்டேன், தீரலன்னு சொன்னாங்க, நம்பாத, நான் வாங்கி குடுத்துட்டேன். மீன் கொழம்பு வச்சு ரெண்டு வாரம் ஆச்சுன்னு பொலம்பல் வேற. தடைக்காலம் ஆச்சே, ஜூன் 14 வரைக்கும் காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கட்டி கெடக்குது, வஞ்சிரத்து வெலைய கேட்டா நேரா கோழிக்கடைக்கு திரும்பிடுவ. ஆனா ஒண்ணு பாரு, கடலுக்கு போறவனுக்கு வேலை இல்லாத இந்த ரெண்டு மாசம்தான் அங்க இருக்குற வெல்டருக்கும் டீசல் மெக்கானிக்குக்கும் சீசன். நம்ம செவத்தான் ஒரே ஆளா மூணு படகு இஞ்சின பிரிச்சு போட்டு வச்சுக்கினு சாப்பிடக்கூட எழுந்துக்க மாட்றான்.

சரி உன் மேட்டருக்கு வரேன். நீ அனுப்புன லிஸ்ட்ட பாத்தேன், கனடால அதிக சம்பளம் வர்ற தொழில்னு வரிசையா போட்டு லிப்டு மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பிளம்பர், கிரேன் ஆபரேட்டர், ஏசி மெக்கானிக், வெல்டர், கடைசில லாரி. "லோகு நீதான் எலக்ட்ரீஷியன் ஆச்சே, அதயே படிக்கட்டா"ன்னு கேட்டிருக்க. நான் எலக்ட்ரீஷியன்ங்கறதுக்காக நீயும் ஆவணும்னா எப்டிடா, ஹாஸ்டல்ல பியூஸ் போட சொன்னா பக்கத்து ரூம் பையன கூப்டுற ஆளு நீ. சிரிக்காத, உண்மைதான.

அந்த லிஸ்ட்ல ஒரு பெரிய பேஜாரு இருக்கு. அதுல போட்டிருக்கறது அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற சம்பளம். நீ இருக்கற ஒண்டாரியோ மாகாணத்துல எலக்ட்ரீஷியன், அதான் 309ஏன்னு சொல்றாங்களே, அதுக்கு மொத்தம் 9000 மணி நேரம், அதுல 720 மணி நேரம் கிளாஸு, மிச்சம் எல்லாம் ஒருத்தன் கீழ வேலை. வாரத்துக்கு 40 மணி நேரம் பாத்தாலும் நாலரை வருஷத்துக்கு கொறையாது, நடுவுல வேலை நின்னா அஞ்சு ஆறு ஆயிடும். உனக்கு இப்போ 39. யூனியன்ல மொத வருஷம் முழு எலக்ட்ரீஷியன் சம்பளத்துல 40 சதவீதம் குடுப்பாங்க, அப்பறம் 50, 60ன்னு ஏறும். முழு சம்பளம் மணிக்கு 50 டாலர்னு வச்சுக்கோ, உன் கைக்கு மொதல்ல 20. வேர்ஹவுஸ்ல இப்போ வாங்குறதும் கிட்டத்தட்ட அதானே. அது பரவால்ல, ஆனா யூனியனுக்குள்ள நுழையறதுதான் கஷ்டம், பரீட்சை, இன்டர்வியூ, அப்பறம் கூப்புடுற வரைக்கும் காத்துக்கினு இரு. யூனியன் இல்லாத சின்ன காண்ட்ராக்டர்கிட்ட போனா குறைஞ்சபட்ச கூலி, 2025 அக்டோபர்ல 17.60 டாலர்னு ஆக்குனாங்களே, அதுக்கு பக்கத்துல இருந்துதான் ஆரம்பிப்பான். அங்க வாடகைக்கு அது எந்த மூலைக்கு.

லிப்டு மெக்கானிக் லிஸ்ட்ல மொதல்ல இருக்கறது வாஸ்தவம்தான், நல்ல சம்பளம், ஆனா அந்த கதவு ரொம்ப சின்ன கதவு, எடுக்கறதே கொஞ்ச பேரு, எப்போ எடுப்பான்னு பாத்துக்கினே உக்காரணும். லாரிய பத்தி நான் சொல்ல வேணாம், நூறு மணி நேர ட்ரெயினிங்ல ஏஇசட்னு பெரிய லாரி லைசென்ஸ் வாங்கிடலாம், துட்டும் சீக்கிரம் வரும். புள்ளைங்க ரெண்டும் சின்னதா இருக்கும்போது வாரத்துல நாலு நைட்டு ரோட்டுல படுப்பியா, தங்கச்சிய கேட்டியா மொதல்ல?

என் மச்சினன் ராஜிய உனக்கு தெரியும், டொராண்டோ ஸ்கார்பரோல இருக்கான், அவன் 313ஏல, அதான் ஏசி மெக்கானிக் தொழில்ல சேந்து இப்போ நாலாவது வருஷம், அங்க ஏசின்னா வெறும் ஏசி இல்ல, ஹீட்டிங்கும் சேத்துதான். நம்ம ஊருல எனக்கு ஏப்ரல் மே மட்டும்தான் இந்த ஓட்டம், அவனுக்கு வெயில்ல கூலிங், பனில வீட்ட சூடு பண்ற பர்னஸ், ரெண்டு சீசனும் ஓட்டம். மைனஸ் இருவதுல நைட்டு ரெண்டு மணிக்கு ஒரு வீட்டுல பர்னஸ் நின்னுடுச்சுன்னா போயே ஆவணும், கெழவங்க கொழந்தைங்க இருப்பாங்க, காலைல வரேன்னு சொல்ல முடியாதாம். கேஸ தொடணும்னா தனி லைசென்ஸ், ஜி3ன்னு ஆரம்பிச்சு ஜி2, ஜி1. ஏசில ஊத்துற கேஸுக்கு இன்னொரு கார்டு. ஒவ்வொண்ணுக்கும் பரீட்சை. ஆனா அவன் சொல்றது, இதுல வேலை இல்லாம ஒரு வாரம்கூட இருந்ததில்ல மாமான்னு. நல்ல தொழில்தான், உனக்கு முதுகு நல்லா இருந்தா நானே அதத்தான் சொல்லியிருப்பேன். மாடிப்படில கம்ப்ரஸர தூக்கறது ஜோக் இல்ல, இங்க நான் ரெண்டு பசங்கள வச்சுக்கினு தூக்கறேன், அங்க பாதி நாள் அவன் ஒத்த ஆளு.

கரண்டு வேலைல அங்க ஒரு விஷயம் கேட்டு எனக்கே ஆடிப்போச்சு, சொல்லியே ஆவணும். நம்ம ஊருல கருப்பு ஒயருன்னா நியூட்ரல், சிவப்பு, மஞ்ச, நீலம்தான் கரண்டு வர்ற பேஸு, இருவது வருஷமா கண்ண மூடிக்கினு கருப்ப தொட்டு பழகுன கை இது. அங்க கருப்புதான் லைவ்வு! வெள்ளைதான் நியூட்ரலாம். வோல்டேஜும் வீட்டுல 120, அடுப்பு மாதிரி பெருசுக்கு மட்டும் 240. இங்க இருந்து நல்லா வேலை தெரிஞ்சவன் போனாலும் மொத ஆறு மாசம் கைய கட்டிக்கினு பாத்து கத்துக்கணும், இல்லன்னா தெரியும்ங்கற தெம்புலயே ஷாக் அடிச்சு போய்டுவான். ஒரு வகைல உன்ன மாதிரி ஒண்ணும் தெரியாதவனுக்கு அது நல்லதுதான். சரி விடு.

இப்போ நான் இன்னா நெனைக்குறன்னா, நீ இருக்கற எடத்த விட்டு வெளிய பாத்துக்கினு இருக்க. உன் வேர்ஹவுஸ்ல கிலோமீட்டர் கணக்குல கன்வேயர் ஓடுதுன்னு நீயே வீடியோ போட்டல்ல, அதுல ஒரு ரோலரோ பெல்ட்டோ போய் லைன் நின்னா நூறு பேரு கைய கட்டிக்கினு நிப்பீங்க, சூப்பர்வைசர் போன எடுத்துக்கினு ஓடுவான், அப்போ டூல் பெட்டியோட ஒருத்தன் மெதுவா வருவான் பாரு, அவன் யாரு? அவன்தான் மில்ரைட். இன்டஸ்ட்ரியல் மெக்கானிக்னு பேரு, 433ஏ. பேரிங் மாத்தறது, ஷாப்ட் அலைன் பண்றது, கியர்பாக்ஸ், செயின், பம்பு, ஹைட்ராலிக்ஸ். இதெல்லாம் எங்கியோ கேட்ட மாதிரி இல்ல? டேய் நீ பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமா, அப்பறம் சாத்தாங்காடு பட்டறைல நாலு வருஷம் இதத்தானடா பண்ண, பிபிஓ வந்து ஏசி ரூமும் நைட்டு ஷிப்டு கேப்பும் காட்டுனதும் ஸ்பேனர கீழ போட்டுட்டு போய்ட்ட. உன் கை மறக்கல, போன தடவ வந்தப்போ என் வண்டி செயின் ஸ்பிராக்கெட்ட மாத்துனது யாரு.

இதுக்கு 8000 மணி நேரம், நாலு வருஷம். ரெட் சீல் தொழில், அதாவது கடைசி பரீட்சைல 70 மார்க் எடுத்துட்டா ஒண்டாரியோ மட்டும் இல்ல, நாளைக்கு ஆல்பர்ட்டா போனாலும் அதே சர்டிபிகேட் செல்லும், கம்பெனி மூடுனாலும் அது உன்து. இத நான் ஏன் பெருசா சொல்றன்னா, எங்க நைனா கதை உனக்கு தெரியும். மில்லு மூடுனப்போ தறி ஓட்டுனவங்க எல்லாம் ஆட்டோவுக்கும் வாட்ச்மேனுக்கும் போனாங்க, அந்த தறி தெரிஞ்ச கைக்கு வெளிய வேலையே இல்ல. அதே மில்லுல பிட்டரா இருந்த எதிர்வீட்டு மாமா மணலி பக்கம் மறு மாசமே வேலைக்கு சேந்துட்டாரு. நான் ஐடிஐ சேரணும்னு நைனா ஒத்த கால்ல நின்னது அதனாலதான். அபுதாபில ஆறு வருஷம் இருந்தேன் நானு, நல்லா வேலை கத்துக்கினேன், ஆனா என் பேர்ல ஒரு காகிதம் இல்ல, விசாவும் கம்பெனிது, அனுபவமும் கம்பெனிது, வந்து எறங்குனப்போ கைல ஒரு பெட்டிதான். அங்க அப்டி இல்லன்னு ராஜி சொல்றான், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையெழுத்து வாங்கி வச்சுக்கலாம், மொதலாளிய மாத்துனாலும் மணி நேரம் கூடவே வரும்.

இதுல கொற இல்லாம இல்ல. எலக்ட்ரீஷியன், பிளம்பர், 313ஏ எல்லாம் அங்க கட்டாய லைசென்ஸ், லைசென்ஸோ அப்ரண்டிஸ் பதிவோ இல்லாதவன் அந்த வேலைய தொடவே கூடாது, அதனால கூலிய யாரும் அடிச்சு எறக்க முடியாது. மில்ரைட்டுக்கு அந்த வேலி இல்ல, லைசென்ஸ் இல்லாதவனும் மெயின்டனன்ஸ்னு சொல்லிக்கினு குறைஞ்ச சம்பளத்துக்கு நுழைவான். ஆனா அதே காரணத்தால நீயும் நாளைக்கே ஹெல்பரா உள்ள நுழையலாம்ல. அத்தோட வேலை பெரும்பாலும் கூரைக்கு அடில, ஜனவரில பாதி கட்டுன கட்டடத்துல காத்து அடிக்க நின்னுக்கினு பைப்பு வளைக்க வேணாம். உனக்கு சைனஸ் வேற.

அதனால கோர்ஸ் தேடாத, ஆள தேடு. அந்த டூல் பெட்டிக்காரன் உங்க கம்பெனி ஆளா வெளி காண்ட்ராக்டா, சட்டைல இன்னா பேரு போட்டிருக்கான், ப்ரேக்ல டீ குடிக்கும்போது பேச்சு குடு. உன்ன அப்ரண்டிஸா பதிவு பண்ண ஒரு மொதலாளி கெடச்சாதான் எல்லாமே ஆரம்பம், அது இல்லாம நீ எத்தன புத்தகம் படிச்சாலும் ஒரு மணி நேரம்கூட கணக்குல ஏறாது. பத்தாயிரம் டாலர் கட்டு, ஆறு மாசத்துல மெக்கானிக் ஆக்கறோம்னு ஒரு தனியார் காலேஜ்ல உன்கிட்ட பிலிம் காட்டுனான்னு சொன்னல்ல, அந்த பக்கமே போவாத. அப்ரண்டிஸா சேந்தவனுக்கு ஒவ்வொரு லெவல் கிளாஸுக்கும் சில நூறு டாலர்தான் பீஸு, சேர்றதுக்கு முன்னாடி கத்துக்கணும்னா ப்ரீ அப்ரண்டிஸ்ஷிப்னு அரசாங்கமே பணம் போட்டு ப்ரீயா நடத்துற கிளாஸ் இருக்கு, அத விசாரி. கிளாஸ்ல உக்காருற வாரங்கள்ல சம்பளம் நிக்கும், ஈ.ஐ.ன்னு வேலையில்லா காலத்து பணத்துக்கு போடலாம், சம்பளத்துல 55 சதவீதம் வரும், மிச்சத்துக்கு தங்கச்சி சம்பளம் தாங்குமான்னு ரெண்டு பேரும் இப்பவே உக்காந்து பேசிக்கோங்க. ராஜி வீட்டுல மொத கிளாஸ் டைம்ல கார விக்குற நெலமைக்கு போய்ட்டாங்க.

இன்னொரு வேலை இருக்கு, அது என் வேலை. சாத்தாங்காடு பட்டறை ஓனரு இன்னும் இருக்காரு, வயசாயிடுச்சு, பையன்தான் பாத்துக்கறான். நீ அங்க இருந்த நாலு வருஷத்துக்கு லெட்டர்பேட்ல ஒரு கடுதாசி வாங்கணும், சும்மா "நல்லவர் வல்லவர்"னு இல்ல, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், வாரத்துக்கு எத்தன மணி நேரம், இன்னா இன்னா மெஷின்ல இன்னா இன்னா வேலைன்னு தெளிவா. முழு மணி நேரத்துக்கும் அத்தாட்சி இருக்கறவன் அங்க லைசென்ஸ் குடுக்கற ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒண்டாரியோங்கற ஆபீஸ்ல காட்டி நேரா பரீட்சை எழுத கேக்கலாம், உன் நாலு வருஷம் அதுக்கு எட்டாம போவலாம், ஆனா ஒரு மொதலாளி முன்னாடி வச்சா, இவன் கிரீஸ் பாத்தவன்தான்னு தெரியும்ல. பழைய சம்பள ரசீது, பிஎப் நம்பர் ஏதாவது அம்மா பீரோல இருக்கும், நான் தேடிப் பாக்கறேன்.

தேதிய மட்டும் சரியா எழுதி அனுப்பு, நீ 2009ல சேந்தியா 2010லயான்னு எனக்கு கொழப்பமா கீது. ஞாயித்துக்கெழம காலைல போனாதான் ஓனர புடிக்க முடியும், சனிக்கெழமைக்குள்ள அனுப்பிடு. ராஜி நம்பர் தங்கச்சிக்கு அனுப்பிட்டேன், அவன் ஞாயித்துக்கெழம மட்டும்தான் ப்ரீ, மாமா சொன்னாருன்னு சொல்லு, நல்லா பேசுவான், கொஞ்சம் அதிகமாவே பேசுவான்.

உன் பையன் கிரிக்கெட் விளையாடுறானா இல்ல அந்த ஐஸ் மேல விளையாடுறதா?

லோகு