தக்காளி வண்டி அண்ணனுக்கு நன்றி

2020 ஏப்ரலில் ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குத் தக்காளி லோடு ஏற்றிப்போன டிரைவர் அண்ணா, பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போன உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை. மாத்திரையால் ஆகிற காரியமில்லை. அவன் உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஊசி நின்றால் சில நாட்களுக்குள் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. ஊரடங்கில் பஸ் இல்லை, மெடிக்கலில் ஸ்டாக் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கொரோனா தொற்று இல்லாத பச்சை மண்டலம் என்று ஊரே நிம்மதியாக இருந்த மாதம் அது. எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மெடிக்கல் வாசலில் நான் கெஞ்சியதைக் கேட்டு, டாக்டர் சீட்டை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். காய்கறி மாதிரி அத்தியாவசியப் பொருள் ஏற்றும் வண்டிக்குத்தான் அப்போது வழி. மறுநாள் விடிவதற்குள் இன்சுலின் வந்துவிட்டது. அதுவும் ஐஸில் நேராகப் படாமல் துண்டில் சுற்றி! உறைந்துபோன இன்சுலின் உதவாது என்று ஓசூர் கடைக்காரர் சொன்னதை அவ்வளவு கவனமாகக் காதில் வாங்கியிருக்கிறீர்கள். படித்தவர்கள் பலருக்கே அது தெரியாது அண்ணா. பில் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. தீருவதற்குள் நீங்களாகவே விசாரித்து மறுபடியும் வாங்கி வந்தீர்கள்.

டயாலிசிஸ், கீமோ, வலிப்பு மாத்திரை என்று எத்தனையோ வீடுகள் அன்று தவித்தன. அவர்களுக்கும் உங்களைப் போல் ஒருவர் வாய்த்திருக்க வேண்டும்.

பையன் இப்போது காலேஜ் போகிறான். மார்க்கெட் பக்கம் வந்தால் அதே மெடிக்கலில் சொல்லுங்கள், ஓடி வருவோம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் அண்ணா.